முதலில் நாக்கு ஒப்ப வேண்டும்: கார்ட்டர் பாம்பு வளர்ப்போர் கேள்வி – பதில்

செல்லப் பிராணிகள் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் கார்ட்டர் பாம்பு பற்றியவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறோம். கார்ட்டர் பாம்பு வட அமெரிக்காவுக்கு உரியது. கனடாவிலிருந்து ஃபுளோரிடா வரை ஓடைக்கரைகளிலும் ஈரப் புல்வெளிகளிலும் மண்புழு, மீன், தவளை தின்று வாழ்கிறது. அதைக் கோலாலம்பூர் வெயிலில், அடுக்குமாடி வீட்டில் வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்லும் குறை ஒன்றுதான்: பழகிய உணவைத் தவிர வேறு எதையும் அது தொடுவதில்லை. பதில்களுக்கு முன் ஒரு வேண்டுகோள். பாம்பை வாங்கும் முன் உரிமம் பற்றி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேளுங்கள். விற்றவர் தரும் தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள். வளர்க்க முடியாமல் போனாலும் கால்வாய் ஓரத்தில் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் பாம்புக்கு வயது ஒன்றரை, பெண். தூண்டில் கடையில் வாங்கும் மண்புழுவை மட்டும் தின்கிறது. திலாப்பியா துண்டு போட்டால் ஒருமுறை நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. பட்டினி போட்டால் பழகுமா?
— வாசகி, செந்தூல்

பட்டினி மட்டும் போதாது. அந்த மீன் துண்டு உணவு என்பதே உங்கள் பாம்புக்குத் தெரியாது. பத்து நாள் பட்டினி கிடந்தாலும் அதற்கு அது தரையில் கிடக்கும் ஏதோ ஒரு பொருள்தான்.

கார்ட்டர் பாம்பு இரையை அடையாளம் காண்பது பெரும்பாலும் வாசனையால். நாக்கை நீட்டிக் காற்றிலும் தரையிலும் உள்ள வாசனைத் துகள்களை எடுத்து, மேல்வாயில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் சேர்க்கிறது. அந்த உறுப்பு சரி என்றால்தான் வாய் திறக்கும். அமெரிக்க ஆய்வாளர் கோர்டன் பர்கார்ட் 1960களில் இதை எளிமையாகக் காட்டினார். புழு, மீன் முதலியவற்றை ஊறவைத்த நீரில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, அதுவரை எதையுமே தின்றிராத குட்டிகளின் மூக்கருகே நீட்டினார். தங்கள் இனத்துக்கு ஏற்ற இரையின் வாசனை வந்தபோது குட்டிகள் நாக்கை வேகமாக நீட்டி, வெறும் பஞ்சையே பாய்ந்து கடித்தன.

இந்தச் சோதனையை வீட்டில் நீங்களும் செய்யலாம். எந்த வாசனையில் தொடங்குவது என்று அதுவே சொல்லிவிடும். கழுவிய புழு 3 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 2 மேசைக்கரண்டி. 2 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். திலாப்பியாவுக்கும் தனியே அப்படியே செய்யுங்கள். மூன்றாவதாக வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் புதுப் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, மூக்குக்கு 2 சென்டிமீட்டர் தள்ளி 30 வினாடி பிடித்து, எத்தனை முறை நாக்கு வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு சோதனைகளுக்கு இடையே அரை மணி நேரமாவது விடுங்கள். மீன் நீருக்கு வெறும் தண்ணீரைவிடத் தெளிவாக அதிகம் நாக்கு நீட்டினால் வேலை பாதி முடிந்தது. இரண்டு வாரத்தில் மாறிவிடும். வித்தியாசமே இல்லையென்றால் கீழே சொல்லும் முறையை நிதானமாக, ஆறு முதல் எட்டு வாரம் வரை செய்ய வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் ஒரு வேளை உணவைத் தவிருங்கள். உங்கள் பாம்பின் வயதுக்கு 7 நாள் இடைவெளி போதும். தோல் நீக்கிய திலாப்பியாச் சதையைப் பென்சில் கனத்தில், 3 சென்டிமீட்டர் நீள நாராக வெட்டுங்கள். புழுவையும் அதே நீளத்துக்கு வெட்டுங்கள். புழுவை வெட்டும்போது வடியும் சாற்றைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது அதுதான். மூன்று பங்கு புழுவுக்கு ஒரு பங்கு மீன் என்று தட்டையான ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசைந்து, கால் மணி நேரம் மூடி வையுங்கள். மீன் நார்கள் புழுத் துண்டுகளோடு சிக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். பாம்பு புழுவைக் கவ்வும்போது மீனும் சேர்ந்து உள்ளே போகும். தின்னத் தொடங்கிவிட்ட கார்ட்டர் பாம்பு பரபரப்பில் கிண்ணத்தில் இருப்பதையெல்லாம் விழுங்கும். நமக்கு உதவுவது அந்தப் பரபரப்புதான்.

காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், அது வெதுவெதுப்பான பக்கத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொண்ட பிறகு வையுங்கள். வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். கண்ணாடி அருகே முகத்தை வைத்துக் காத்திருந்தால் பல பாம்புகள் கிண்ணத்துக்கே வராது. ஒரு மணி நேரம் கழித்து மீதியை எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அதற்கு மேல் மீன் தாங்காது.

இரண்டு வேளை மிச்சமில்லாமல் தின்ற பிறகு பாதிக்குப் பாதி. அடுத்த இரண்டு வேளை முக்கால் பங்கு மீன். பிறகு புழுவே இல்லாமல், புழுச் சாற்றில் புரட்டிய மீன். கடைசியில் வெறும் மீன். எந்தப் படியில் மறுத்தாலும் அதற்கு முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு வேளை அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். முதல் நாள் பாதிக்குப் பாதி தின்றதும் உற்சாகத்தில் மறுநாளே வெறும் மீன் வைக்கிறார்கள், பாம்பு மறுக்கிறது, "இதற்கு மீன் பிடிக்காது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு பாலமும் இருக்கிறது: உயிருள்ள குப்பி மீன். இரண்டு சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் ஐந்தாறு குப்பிகளை விட்டால், அசைவைப் பார்த்தே பாம்பு துரத்தும். இரண்டு மூன்று முறை பிடித்துத் தின்ற பிறகு அதே தண்ணீரில் திலாப்பியா நாரைப் போட்டு இடுக்கியால் மெல்ல அலையவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தூண்டில் கடைப் புழு எந்த இனம் என்று கேட்டு வாங்குங்கள். உரம் தயாரிக்கப் பயன்படும், மஞ்சளும் சிவப்புமாக வரியோடிய சிறிய புழு உண்டு. தொட்டால் மஞ்சளாக, நாற்றத்தோடு ஒரு திரவம் விடும். அது பாம்புக்கு நஞ்சு. தின்ற பாம்பு வாந்தி எடுக்கும், இறந்தும் போகலாம். ஏஎன்சி என்று இங்கே விற்கும் பெரிய ஆப்பிரிக்கப் புழு வேறு இனம். ஆனால் ஒரே தொட்டியில் இரண்டும் கலந்திருந்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: மீன் நன்றாகத் தின்கிறது. எலிக்குஞ்சுக்கு மாற்ற ஆசை. அவசியமா? எப்படி?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

அவசியம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் லாபம் உண்டு. எலிக்குஞ்சு முழு உடல். எலும்பின் சுண்ணாம்பும் ஈரலின் வைட்டமின்களும் அதிலேயே இருக்கின்றன. வாரம் ஒருமுறை போதும். கழிவின் நாற்றமும் வெகுவாகக் குறையும், அடுக்குமாடியில் அது பெரிய விஷயம். மீனையே தொடர்வதென்றால் சத்துக் கணக்கை நீங்கள் பார்க்க வேண்டும்; அதைக் கீழே ஒரு பதிலில் சொல்லியிருக்கிறோம்.

உறைந்த பிங்கியை, அதாவது ரோமம் முளைக்காத எலிக்குஞ்சை, முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம்; வெளியே குளிர்ந்திருக்க உள்ளே வெந்துவிடும், வெடிக்கவும் செய்யும். உருகியதை மணமில்லாத சோப்பு ஒரு துளி விட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவி, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். எலி வாசனையைக் குறைக்கத்தான் இது. பிறகு ஒரு திலாப்பியாத் துண்டோடு சேர்த்து ஜிப் பையில் போட்டு, மூன்று மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். கொடுக்கும் முன் பையோடு 40 பாகை நீரில் ஐந்து நிமிடம்.

முதல் தடவை முழுக்குஞ்சு வேண்டாம். நான்கைந்து துண்டாக வெட்டி, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு குஞ்சு என்று கலந்து வையுங்கள். வெட்டுவது பலருக்கு மனம் ஒப்பாத வேலை என்பது தெரியும். ஆனால் விரைவாகப் பலன் தருவது அதுதான்: வெட்டுவாயிலிருந்து கசியும் ஈரம் மீன் வாசனையோடு கலந்துவிடுகிறது, புதிய வாசனை பழைய வாசனையோடு சேர்ந்தே அறிமுகமாகிறது. அடுத்தடுத்த வேளைகளில் பாதிக்குப் பாதி. பிறகு இரண்டாக வெட்டிய குஞ்சு, மீன் பூசியது. பிறகு முழுக்குஞ்சு, உடம்பு முழுதும் மீன் பூசியது. பிறகு மூக்கில் மட்டும் பூசியது. பாம்பு தலைப்பக்கமிருந்துதான் விழுங்கத் தேடும் என்பதால் கடைசி வரை மூக்கில் வாசனை இருக்கட்டும். மீன் நாரைக் குஞ்சின் மேல் சுற்றலாம். நூலால் கட்டாதீர்கள், நூலும் வயிற்றுக்குள் போகும்.

குஞ்சின் அகலம் பாம்பின் உடலில் மிகப் பருமனான இடத்தைத் தாண்டக் கூடாது. பழகிய பின் ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை. மீன் கொடுத்த பழக்கத்தில் வாரம் இருமுறை குஞ்சு கொடுத்தால் கொழுத்துவிடும்.

கை நன்றாகக் கழுவிவிட்டுப் பாம்பைத் தொடுங்கள். மீன் மணக்கும் விரலும் அதற்கு மீன்தான். கடியால் பெரும்பாலும் லேசான வீக்கமும் அரிப்பும்தான் வரும். ஆனால் விரலைக் கவ்விக்கொண்டு மென்றுகொண்டிருக்க விடாதீர்கள், அதன் உமிழ்நீரில் இலேசான நஞ்சு உண்டு.

கேள்வி: எலியைச் சூடாக்கி இடுக்கியில் பிடித்து ஆட்டினால் என் நண்பரின் மலைப்பாம்பு உடனே பாய்கிறது. என் கார்ட்டர் பாம்பு பயந்து ஓடுகிறது.
— வாசகர், பாயான் லெப்பாஸ்

உங்கள் ஊர்ப் பாம்புக் கோவிலில் இருக்கும் விரியன்களை உற்றுப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். வெப்பத்தை உணரும் உறுப்பு அது. மலைப்பாம்புக்கு அதுபோன்ற குழிகள் உதட்டோரத்தில். இருட்டில் சூடான ஒன்று அசைந்தால் அவற்றுக்கு அது இரை. கார்ட்டர் பாம்புக்கு அந்தக் குழியே கிடையாது. சூடு அதற்கு வாசனையைக் கிளப்பிவிட உதவும், அவ்வளவுதான். மேலிருந்து பெரிதாக எதுவோ ஆடிக்கொண்டு வந்தால் அதன் கணக்கில் அது பறவை. ஆட்டாதீர்கள். கிண்ணத்தில் வையுங்கள், முன்பதிலில் சொன்னபடி மீன் பூசி.

கேள்வி: ஐயா, நான் ஐந்தாம் படிவ மாணவன். என் பாம்புக்கு ஏழு மாதமாக மீன் கடையில் விற்கும் சிறிய தங்கமீனைத் தீனியாகக் கொடுத்தேன். இரண்டு நாளாகத் தலையைத் திருகிக்கொண்டு, திருகாணி போல் சுற்றுகிறது. திருப்பிப் போட்டால் நிமிர மறுக்கிறது. மீன் அலுத்துவிட்டதா? வேறு உணவு கொடுக்கலாமா?
— செராஸ்

தம்பி, இந்த இதழ் உன் கைக்கு வரும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உனக்கு உடனே தனியாகவும் எழுதிவிட்டோம். இது உணவு அலுப்பு இல்லை, வைட்டமின் பி1 குறைபாட்டின் அடையாளம். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோக வேண்டிய நிலை. மருத்துவர் பி1 ஊசி போடுவார். நேரத்தோடு போட்டால் பல பாம்புகள் தேறிவிடுகின்றன. வலிப்பு வரும் வரை விட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடலாம்.

காரணம் தங்கமீன். அதன் உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது. பாம்பு வயிறு நிறையத் தின்றுகொண்டே உள்ளுக்குள் வறண்டுபோகிறது. உறைய வைத்தாலும் அந்த நொதி சாவதில்லை. ஒருமுறை தின்றால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் அதையே தின்றால்தான் ஆபத்து. அதனால்தான் கொடுப்பவருக்கு இவ்வளவு நாளும் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. இதில் உன் தவறு இல்லை தம்பி. "தீனி மீன்" என்று எழுதி விற்றால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

சிகிச்சை முடிந்து பாம்பு தானாகத் தின்னத் தொடங்கியதும் குப்பிக்கு மாற்று. அது ஏற்கெனவே உயிர்மீன் பிடித்துப் பழகியது, சிரமமே இருக்காது. குப்பியையும் மீன் கடையிலோ வீட்டுத் தொட்டியிலோ எடு. சாக்கடையில் பிடித்தது வேண்டாம்.

கேள்வி: எந்த மீன் நல்லது, எதை ஒதுக்க வேண்டும்? செலாயாங் பாசாரில் எல்லா மீனும் கிடைக்கிறது, ஆனால் எதைக் கேட்டு வாங்குவது?
— வாசகி, கெப்போங்

திலாப்பியா. நம் ஊரில் இதைவிட எளிதான பதில் இல்லை. எல்லாப் பாசாரிலும் கிடைக்கும், தயமினேஸ் தொல்லை இல்லை. சால்மனும் டிரவுட்டும் அந்த வகையில் பாதுகாப்பானவை. ஆனால் கொழுப்பு அதிகம், மாதத்தில் ஓரிரு வேளைக்குமேல் வேண்டாம்.

ஒதுக்க வேண்டியவை: தங்கமீன், கோய், ரோகு, லம்பாம் என்று கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தில் பல மீன்களில் அந்த நொதி உண்டு. நெத்திலி, மத்தி வகைகளையும் சிப்பிகளையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். காய்ந்த நெத்திலியில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. கெளுத்தியின் முள் பாம்பின் குடலைக் குத்தும். டோரி என்று உறையவைத்து விற்கும் வெள்ளைச் சதை மலிவு, முள் இல்லை. ஆனால் நீர் கோக்கும்படி பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்தே பெரும்பாலும் வருகிறது. மனிதர் தின்னலாம், வாரம் இருமுறை இதை மட்டும் தின்னும் 100 கிராம் உயிருக்கு நாங்கள் கொடுக்க மாட்டோம்.

வாங்கி வந்ததும் சுத்தம் செய்து, ஒருவேளைக்கான அளவில் பொட்டலமாக்கி, மைனஸ் 20 பாகையில் குறைந்தது 7 நாள் உறைய வையுங்கள். ஒட்டுண்ணிப் புழுக்கள் அதில் செத்துவிடும். வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டு பலவற்றில் மைனஸ் 18-ஐத் தாண்டாது, கதவையும் அடிக்கடி திறக்கிறோம். அப்படியானால் இரண்டு வாரம் விடுங்கள். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நாள்பட்டால் மீன் கொழுப்பு சிக்கேறி, அது பாம்பின் உடல் கொழுப்பையே கெடுக்கும்.

இனிச் சத்துக் கணக்கு. முள் நீக்கிய சதையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. 100 கிராம் சதைக்கு, பாஸ்பரஸ் சேராத கால்சியம் கார்பனேட் தூள் கால் தேக்கரண்டி கலக்க வேண்டும். மருந்துக் கடையில் 100 மில்லிகிராம் பி1 மாத்திரை கிடைக்கும். ஒன்றைப் பொடித்து முப்பது சிட்டிகையாகப் பிரித்தால், ஒரு சிட்டிகை 100 கிராம் மீனுக்குப் போதும். இரண்டையும் உருகிய பிறகு, கொடுப்பதற்குச் சற்று முன் தூவுங்கள். உறைய வைக்கும் முன் கலந்தால் பி1 வீணாகும். தூளின் வாசனை பிடிக்காமல் சில பாம்புகள் ஒதுங்கும். அப்போது நான்கு நாரில் ஒன்றில் மட்டும் தூவி, தூவாத நாருக்கு அடியில் வையுங்கள். பாதியாகத் தொடங்கி முழு அளவுக்கு வாருங்கள். இதுவும் புது உணவுதான், அதே பொறுமை வேண்டும்.

கேள்வி: வீட்டில் அம்மா சைவம். மீனையே பொறுத்துக்கொள்கிறார், எலி என்றால் குளிர்பெட்டிப் பக்கமே வர மாட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமைகளில் மீனும் எடுக்கக் கூடாது. பாம்பை விற்றுவிடுவதா?
— வாசகர், செந்தூல் பாசார்

விற்க வேண்டாம். எலியே இல்லாமல் நன்றாக வாழக்கூடிய மிகச் சில செல்லப் பாம்புகளில் கார்ட்டர் ஒன்று. உங்கள் வீட்டுக்கு ஏற்றதைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். பாம்புக்குச் சைவ உணவு என்று ஒன்று கிடையாது என்பதை மட்டும் அம்மாவிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

வளர்ந்த பாம்புக்கு மீனும் புழுவும் வாரம் இருமுறை போதும். திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொண்டால் வெள்ளிக்கிழமை எதையும் எடுக்க வேண்டியதே இல்லை. திலாப்பியாவைக் கடையிலேயே வெட்டிச் சுத்தம் செய்து வாங்கி, சாமான் அறையில் ஒரு சின்ன உறைபெட்டியில் மூடிய டப்பாவில் வையுங்கள். வெட்டுப்பலகை, கத்தி, கிண்ணம், துடைக்கும் துணி எல்லாம் தனியாக இருக்கட்டும். அவற்றைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் வேண்டாம். அம்மாவுக்காக மட்டும் சொல்லவில்லை: ஊர்வன உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம். பால்கனியில் ஒரு தொட்டியில் குப்பியும், நிழலில் ஒரு பெட்டியில் ஏஎன்சி புழுவும் வளர்த்தால் வகை வகையாகக் கொடுக்கலாம். வகை மாற்றிக் கொடுத்தே வந்த பாம்பு பின்னாளில் ஒன்றையே பிடித்துக்கொண்டு அடம்பிடிப்பதும் குறைவு.

கேள்வி: என் பாம்பு 17 குட்டி போட்டது. மூன்று வாரமாகியும் ஆறு குட்டிகள் எதையும் தின்னவில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன். வெட்டிய மீன் கொடுக்கிறேன்.
— வாசகர், ஜெலுத்தோங்

பெட்டியை இன்றே பிரியுங்கள். ஒரே புழுவின் இரு முனைகளையும் இரண்டு குட்டிகள் கவ்விக்கொண்டால் பெரியது சின்னதையும் சேர்த்து விழுங்கிவிடும். தின்னாத குட்டி ஒவ்வொன்றையும் தேநீர்க் குவளை அளவு டப்பாவில், ஈரமான காகிதத் துண்டின் மேல், மூடியில் ஊசித் துளைகளோடு தனியே வையுங்கள். கூட்டத்தில் பயந்து தின்னாதவை தனிமையும் இருட்டும் கிடைத்ததும் தின்பது வெகு சாதாரணம்.

பிறந்த முதல் வாரம் வயிற்றில் மிஞ்சியிருந்த மஞ்சள்கரு தாங்கியிருக்கும். மூன்று வாரம் என்பது குட்டிக்கு அதிகம், தாமதிக்காதீர்கள். மீனை விட்டுவிட்டுப் புழுவுக்கு வாருங்கள். 5 மில்லிமீட்டர் துண்டுகள், புதிதாக வெட்டியவை, துடித்துக்கொண்டிருக்கும்போதே. அதற்கும் அசையாவிட்டால் பாட்டில் மூடியில் தண்ணீர் விட்டு இரண்டு குப்பிக் குஞ்சுகள். அதற்கும் இல்லையென்றால் முதல் பதிலில் சொன்ன பஞ்சுக்குச்சிச் சோதனை. எந்த வாசனைக்கு நாக்கு வேகமாக வருகிறதோ அதைப் புழுத் துண்டில் பூசிக் கொடுங்கள்.

ஒரே வயிற்றுக் குட்டிகளில் ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டிருந்தீர்கள். ருசி ஓரளவு பிறப்பிலேயே வருகிறது. கலிஃபோர்னியாவில் கடலோரத்திலும் உள்நாட்டிலும் வாழும் ஒரே கார்ட்டர் இனத்தை ஸ்டீவன் அர்னால்ட் ஒப்பிட்டு, 1977-லும் 1981-லும் முடிவுகளை வெளியிட்டார். ஓடில்லா நத்தைகள் மலிந்த கடலோரத்துப் பாம்புகளின் குட்டிகளில் பெரும்பாலானவை அவற்றைத் தின்றன; அவை இல்லாத உள்நாட்டுப் பாம்புகளின் குட்டிகளில் பெரும்பாலானவை தொடவே இல்லை. ஒரு குட்டிக்குப் பிடிப்பது அதன் உடன்பிறப்புக்குப் பிடிக்காமல் போகலாம். அதற்காக இங்கே தோட்டத்து நத்தையைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். நம் ஊர் நத்தைகளில் எலி நுரையீரல் புழு இருக்கக்கூடும், அது மனிதருக்கே மூளையுறை அழற்சி தரும்.

வாயைத் திறந்து திணிப்பது மருத்துவரின் வேலை. பென்சிலைவிட மெல்லிய தாடையை உடைக்காமல் அதைச் செய்ய நிறையப் பழக்கம் வேண்டும்.

கேள்வி: எலிக்குஞ்சு வரை பழகிய பாம்பு, போன மாத வெயிலில் திடீரென எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.
— வாசகி, பண்டார் துன் ரசாக்

உணவை மாற்றாதீர்கள், வெப்பமானியைப் பாருங்கள். கார்ட்டர் பாம்புக்கு வெதுவெதுப்பான முனை 29 பாகையும் குளிர்ந்த முனை 22 முதல் 25 பாகையும் இருந்தால் நலம். அடுக்குமாடியில் மேற்குப் பார்த்த அறையைப் பகலில் பூட்டிவிட்டு வேலைக்குப் போனால் உள்ளே 33, 34 ஆகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அதற்கும் மேல். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் பார்த்து விளக்கும் போட்டிருந்தால் தப்பிக்க இடமே இல்லை.

பகலில் விளக்கை அணையுங்கள். பெட்டியைச் சன்னலிலிருந்து விலக்கித் தரையோரமாக வையுங்கள். காற்றாடி பாம்பைக் குளிர்விக்காது, அதற்கு வியர்வை இல்லை. உடல் முழுதும் அமிழக்கூடிய தண்ணீர்த் தொட்டி வையுங்கள். நண்பகலில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வலைமூடியின் ஒரு முனையில் வைத்தால் குளிர்ந்த காற்று அந்தப் பக்கம் கீழே இறங்கும். மறுமுனையைச் சும்மா விடுங்கள், பாம்பே தேர்ந்துகொள்ளும். இரண்டு முனையிலும் உணர்முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானி இல்லாமல் இதெல்லாம் ஊகம்தான்.

வெப்பம் சரியாக இருந்தும் தின்னாவிட்டால் கண்ணைப் பாருங்கள். பால் பூத்ததுபோல் நீலம் பாய்ந்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. ஒரு வாரம் எதுவும் கொடுக்க வேண்டாம். சினையாக இருக்கும் பெண்ணும், இணை தேடும் ஆணும் வாரக்கணக்கில் தின்னாமல் இருப்பதுண்டு. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வாருங்கள். வளர்ந்த பாம்பு மூன்று வாரம் தின்னாமல் எடை குறையாமலும் இருந்தால் பதற வேண்டாம். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: வீட்டுக் கொல்லையில் வரும் தேரையைக் கொடுக்கலாமா? தவளை அதன் இயற்கை உணவுதானே?
— வாசகர், செலாயாங்

கூடாது. சொறிசொறியான நம் ஊர்த் தேரையின் தோலில் நஞ்சு இருக்கிறது. வட அமெரிக்கத் தேரைகளுக்கு ஓரளவு பழகிய உடம்பு என்பதற்காக இதையும் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். காட்டுத் தவளை எதுவாக இருந்தாலும் ஒட்டுண்ணி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது உணவைத் தின்றுவிட்டு மறுநாளே கக்கிவிட்டது. ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமா?
— வாசகி, பட்டர்வொர்த்

உணவு மட்டுமே காரணம் என்று முடிவெடுக்க வேண்டாம். துண்டு பெரிதாக இருந்ததா, தின்ற இரண்டு நாளுக்குள் கையில் எடுத்தீர்களா, பெட்டி மிகவும் சூடாகவோ குளிர்சாதனத்தால் மிகவும் குளிராகவோ இருந்ததா, மீன் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே கிடந்ததா, புழு அந்த மஞ்சள் திரவப் புழுவா என்று வரிசையாகப் பாருங்கள். கக்கும்போது வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். 10 நாள் தண்ணீர் மட்டும். பிறகு பழைய, நன்கு பழகிய உணவில் வழக்கமான அளவில் பாதி. அது தங்கினால் ஒரு வாரம் கழித்து அதே அளவு இன்னொரு முறை. புது உணவை அதற்கும் பிறகு, கால் பங்கு கலவையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் கக்கியதை ஒரு டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, பாம்போடு சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.